வளவுக்கு வெள்ளைக் காகம் வந்தால்: நிறம் மாறிய பறவையைப் பதிவு செய்யும் வழி

வெள்ளைக் காகம் பறக்குது என்று யாரும் சொன்னால் பகிடி என்றுதான் எடுப்போம். ஆனால் வெள்ளைக் காகம் உண்டு. வெள்ளை மைனா, பால்தேநீர் நிறத்தில் காகம், தலை மட்டும் நரைத்த ஊர்க்குருவி, கூட்டத்தில் ஒன்று மட்டும் வெளுத்துத் திரியும் புலுனி, இவையும் உண்டு. கிழக்கிலங்கையின் களுவாஞ்சிகுடியிலோ சம்மாந்துறையிலோ உங்கள் வளவு முருங்கையில் அப்படி ஒன்று வந்து குந்தினால் என்ன செய்வது, எந்த ஒழுங்கில் செய்வது என்பதே இந்தக் கட்டுரை.

வழக்கமாக நடப்பது வேறு. தூரத்தில் நின்று மங்கலாக ஒரு படம் எடுப்பார்கள். உடனே "அல்பினோ காகம்" என்று முகப்புத்தகத்தில் போடுவார்கள். பிறகு பார்க்க வருகிற கூட்டத்தில் பிடிக்க வருகிறவனும் ஒருவனாக இருப்பான். பறவையும் போய்விடும், பயன்படும் குறிப்பு ஒன்றும் மிஞ்சாது. பெயர் வைப்பதை ஆகக் கடைசி வேலையாக வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

1. முதல் பத்து நிமிடம்: படம்

போனை எடுங்கள். கிட்டப் போக வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே முதலில் ஒரு படம், பிறகு நாலு அடி நடந்து இன்னொன்று, பிறகு இன்னும் நாலு அடி. பறவை பறந்துவிட்டாலும் கையில் ஏதோ ஒன்று இருக்கும். கிட்டப் போய் நல்ல படமாக எடுப்போம் என்று காத்திருந்தால் வெறும் கிளைதான் கிடைக்கும்.

வெள்ளைப் பறவையைப் படம் எடுக்கும்போது வெளிச்சம்தான் பெரிய பொறி. பச்சை இலைகளுக்கு நடுவில் வெள்ளைப் பறவை இருந்தால் போன் இலையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பறவை சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துப்போகும். மெல்லிய பழுப்பு, சாம்பல், மஞ்சள் எல்லாம் அழிந்துவிடும். உண்மையில் பழுப்பாக இருக்கும் பறவை படத்தில் தூய வெள்ளையாகத் தெரிவது இப்படித்தான். திரையில் பறவையின் மேல் விரலை வைத்து, வெளிச்சக் கோட்டைக் கீழே இழுங்கள். இறகின் கோடுகள் தெரியும் வரை இழுக்க வேண்டும். படம் கொஞ்சம் இருண்டாலும் பரவாயில்லை. இருண்ட படத்திலிருந்து நிறத்தை மீட்கலாம், வெளுத்துப்போன படத்திலிருந்து மீட்க முடியாது.

பறவை போன பிறகு, அது இருந்த இடத்தில் அல்லது அதே நிழலில் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்து ஒரு படம் எடுங்கள். தென்னை ஓலை நிழலில் எல்லாமே பச்சை அடிக்கும், மாலை வெயிலில் எல்லாமே மஞ்சள் அடிக்கும். கடதாசி எவ்வளவு பச்சையாகத் தெரிகிறதோ, பறவையும் அவ்வளவு பச்சையாகத்தான் தெரிந்திருக்கும். ஒரு சதமும் செலவில்லாத வேலை இது. ஆனால் இதைச் செய்பவர்கள் குறைவு.

எடுக்க வேண்டிய பக்கங்கள்: இடது, வலது, முதுகு, முன்பக்கம், செட்டை விரித்த நிலை. செட்டை விரித்ததைப் படமாகப் பிடிப்பது கடினம். வீடியோவாக எடுத்து, பிறகு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கண் தெரியும் படம் ஒன்றாவது கட்டாயம் வேண்டும். ஏன் என்பது நாலாவது படியில் வரும். போனில் இரண்டு மடங்குக்கு மேல் இழுத்துப் பெரிதாக்க வேண்டாம், பிறகு வெட்டிக்கொள்ளலாம். பைனாகுலர் இருந்தால் அதன் ஒரு கண்ணில் போனை ஒட்டிப் பிடித்தும் எடுக்கலாம். கை நடுங்கினால் வேலிக்கட்டையில் முட்டுக்கொடுங்கள்.

மூலப்படத்தை அழிக்கக் கூடாது, அழகுபடுத்தும் வடிகட்டி போடக் கூடாது. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். படத்தோடு ஒட்டியிருக்கும் தேதியும் நேரமும் இடமும் போய்விடும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் "டொகியுமென்ட்" என்ற வழியால் அனுப்புங்கள். வெட்டிய பிரதி ஒன்று, மூலம் ஒன்று என இரண்டையும் வைத்திருங்கள். இல்லாத பறவையைக் கணினியிலேயே உருவாக்கிவிடும் காலத்தில், மூலக் கோப்பு இல்லாத படத்தை, குறிப்பைச் சரிபார்க்கும் எந்த மீளாய்வாளரும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

2. இது உண்மையிலேயே நிறம் மாறியதா?

இந்தப் படியில்தான் அதிகப் பேர் சறுக்குகிறார்கள். நிறம் மாறியது என்று எண்ணும் பறவைகளில் கணிசமானவை வழமையான நிறத்தில்தான் இருக்கும். கீழே வருபவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு மேலே போங்கள்.

அரசவால் ஈப்பிடிப்பான். நீண்ட நாடா வாலோடு, உடல் முழுக்க வெள்ளை, தலை மட்டும் கறுப்பு. மரமுந்திரிகைத் தோப்பிலும் ஆற்றோர மரங்களிலும் ஒக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் கண்டால், அது இந்தியாவிலிருந்து வலசை வந்த ஆண். இங்கேயே வாழும் துணையினத்தின் ஆண் செம்பழுப்பாக இருக்கும், ஒருபோதும் வெள்ளையாகாது. ஒன்றைப் பார்த்துப் பழகியவருக்கு மற்றது விசித்திரமாகத் தெரிவது இயல்பு. சிங்களத்தில் வெள்ளையைச் "சுது ரெதி ஹொரா" (வெள்ளைத் துணிக் கள்ளன்) என்றும், செம்பழுப்பைக் "கினி ஹொரா" (நெருப்புக் கள்ளன்) என்றும் பிரித்தே சொல்வார்கள். அவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை.

கரைக்கொக்கு. மட்டக்களப்பு வாவியோரத்தில் கருஞ்சாம்பல் கொக்கு ஒன்றைக் கண்டால் கறுத்துப்போன வெள்ளைக்கொக்கு என்று எண்ண வேண்டாம். இந்த இனத்தில் கருஞ்சாம்பல், வெள்ளை என்று இரு வடிவங்கள் இயல்பாகவே உண்டு.

உண்ணிக்கொக்கு. வயல் வட்டையில் மாட்டுக்குப் பின்னால் திரிவது. இனப்பெருக்க காலத்தில் தலை, கழுத்து, முதுகு செம்மஞ்சளாகும். சேறு பட்டதல்ல, நோயுமல்ல.

குயில். ஆண் கறுப்பு, பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி. பெண் குயிலைப் "புள்ளிக் காகம்" என்று சொல்லிப் படம் போடுபவர்கள் எல்லா வருடமும் உண்டு.

மைனா. செட்டையில் வெள்ளைத் திட்டும் வால் நுனியில் வெள்ளையும் எல்லா மைனாவுக்கும் உள்ளவை. பறக்கும்போதுதான் அவை பளிச்சென்று தெரியும். தலையில் இறகு முழுக்க உதிர்ந்து மஞ்சள் தோல் தெரியும் மைனாவையும் காணலாம். அது நிற மாற்றமல்ல, இறகுதிர்வு (பழைய இறகு விழுந்து புதியது முளைப்பது) அல்லது பேன் தொல்லை.

செம்பருந்து. வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலும் வளர்ந்ததற்கு மட்டும்தான். இளையது முழுக்கப் பழுப்பு.

அடுத்து வெளியிலிருந்து ஒட்டிய நிறங்கள். அரிசி ஆலையடியில் மேயும் குருவியிலும் புறாவிலும் தவிடும் மாவும் படிந்து வெளுத்துத் தெரியும். வெதுப்பகப் புகைபோக்கியடியில் கூடு கட்டிய ஊர்க்குருவி கரி பிடித்துக் கறுக்கும். தேன்சிட்டும் கொண்டைக்குருவியும் பூவுக்குள் முகத்தை விட்டுப் பூந்தூள் ஒட்டி, நெற்றி மஞ்சளாகத் திரியும். பெயின்ட், கழிவு எண்ணெய், மேலே குந்திய காகத்தின் எச்சம், இவையும் உண்டு. ஒட்டிய நிறத்தை அடையாளம் காண்பது லேசு: அது இறகின் ஓரத்தை மதிக்காது, பல இறகுகளுக்கு மேலாக ஒரே பூச்சாகக் கிடக்கும், ஒரு மழைக்கோ குளிப்புக்கோ மங்கும். மூன்று நாள் விட்டு மறுபடி பாருங்கள்.

கடைசியாக வெயில். கச்சான் என்ற காய்ந்த சூட்டுக் காற்று வீசும் காலத்து வெயிலில் பழைய இறகுகள் வெளுக்கும். இறகுதிர்வுக்கு முந்திய காகத்தின் செட்டை மங்கிய பழுப்பாகத் தெரியும், நுனிகள் பிய்ந்திருக்கும். ஊர்க் காகங்களில் பலதும் அந்த நேரம் அப்படித்தான் இருக்கும். உங்களுடையது தனித்துத் தெரிகிறதா என்று பக்கத்துக் காகங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி.

3. கூண்டிலிருந்து தப்பியதா?

மஞ்சள் கிளி, நீலக் கிளி, முழு வெள்ளைப் புறா, வெள்ளைச் சிட்டு ஆகியவற்றில் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். வெள்ளைப் புறா ஏறத்தாழ எப்போதும் யாரோ வளர்ப்பதுதான். பச்சைக்கிளியில் மஞ்சளும் நீலமும் வளர்ப்போர் பெருக்கிய நிறங்கள். காட்டிலும் எப்போதாவது தோன்றும், ஆனால் அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

பார்க்க வேண்டியவை: காலில் வளையம் உண்டா, செட்டை இறகு கத்தரித்ததுபோல் நேராக முடிகிறதா, வால் நுனி கூண்டுக் கம்பியில் உரசித் தேய்ந்திருக்கிறதா, ஆள் கிட்டப் போனாலும் பறக்காமல் நிற்கிறதா, காட்டுக் கூட்டத்தோடு சேர்கிறதா அல்லது தனியே வீட்டுக்கூரையில் சுற்றுகிறதா. சந்தேகமென்றால் "தப்பியதாக இருக்கலாம்" என்றே எழுதுங்கள். அப்படி எழுதுவதால் குறிப்பின் மதிப்பு குறையாது.

4. கண், சொண்டு, கால், பிறகு இறகு

இப்போதுதான் வகை பிரிக்கும் வேலை. முதலில் இறகு நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. கறுப்பு, சாம்பல், கரும்பழுப்பு நிறங்களைத் தருவது மெலனின் என்ற நிறப்பொருளின் ஒரு வகை. செம்பழுப்பு, மண் நிறம் தருவது இன்னொரு வகை மெலனின். மாங்குயிலின் மஞ்சள், கொண்டைக்குருவியின் வாலடிச் சிவப்பு போன்றவை உணவிலிருந்து வரும் கரோட்டினொயிட் நிறங்கள், அவை வேறு கணக்கு. மீன்கொத்தியின் நீலத்துக்கு நீல நிறப்பொருளே கிடையாது. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறி வருவது அது. அடியில் மெலனின் இல்லாவிட்டால் அந்த நீலமும் வெளுத்துவிடும்.

ஆகவே மெலனின் மட்டும் போன கருந்தலை மாங்குயில், கறுப்புத் தலை வெளுத்தும் உடல் மஞ்சளாகவே நிற்கும். வெளுத்த கொண்டைக்குருவியின் வாலடியில் சிவப்பு அப்படியே இருக்கும். வெளுத்த மைனாவின் சொண்டும் காலும் மஞ்சளாகவே இருக்கும். "முழு வெள்ளை இல்லையே, அப்போ சாயம் பூசினதோ" என்று குழம்ப வேண்டியதில்லை.

வகைகளுக்கு ஒரே பெயர்முறையைப் பின்பற்றுங்கள். பிரித்தானிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவைச் சேர்ந்த ஹைன் வான் குரூவ் ஒழுங்குபடுத்திய முறையே இன்று பரவலாக எடுக்கப்படுகிறது. நமக்கு வேண்டிய அளவில் அது இப்படி:

அல்பினோ: மெலனின் இரு வகையும் எங்குமே இல்லை. இறகு, தோல், கண் மூன்றிலும் இல்லை. கண் இளஞ்சிவப்பு அல்லது சிவப்பு. இதற்குப் பார்வை மோசம். வெயிலில் கண் கூசும், தூரம் கணிக்க முடியாது, கூட்டை விட்ட கொஞ்ச நாளிலேயே பெரும்பாலும் செத்துவிடும். வளர்ந்த "அல்பினோ" காகம் ஒன்று மாதக்கணக்காக வளவுக்கு வந்து போகிறது என்றால், அது அல்பினோ இல்லாமல் இருக்கவே சாத்தியம் அதிகம். "பாதி அல்பினோ" என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு கறுப்பு இறகு இருந்தாலும் அந்தப் பெயர் பொருந்தாது.

லியூசிசம்: பிறவியிலேயே சில இடங்களுக்கோ உடல் முழுவதற்குமோ நிறக் கலங்கள் போய்ச் சேராதது. இறகு தூய வெள்ளை, கண் எப்போதும் வழமையான கருமை. திட்டுகள் பெரும்பாலும் இரு பக்கமும் ஓரளவு ஒத்திருக்கும்: தலை, செட்டை நுனி, வயிறு. வயது போனாலும் திட்டு மாறாது.

நரைத்தல்: பிறக்கும்போது வழமையான நிறம், பிறகு ஒவ்வொரு இறகுதிர்விலும் வெள்ளை இறகு கூடும். தொடக்கத்தில் வெள்ளை அங்குமிங்குமாகச் சிதறியிருக்கும். முற்றினால் முழு வெள்ளையாகி, கண் மட்டும் கருமையாக நிற்கும். காகம், ஊர்க்குருவி போன்றவற்றில் காணும் வெள்ளை இறகுகளுக்கு இதுவே லியூசிசத்தைவிட அடிக்கடி காரணம். ஆனால் மக்கள் வாயில் எல்லாமே லியூசிசம்தான்.

பழுப்பு மாற்றம்: கறுப்பு மெலனின் முழுதாக முற்றாமல் நின்றுவிடுவது. காகம் பால்தேநீர் நிறமாகும். இந்த இறகு வெயிலில் மிக வேகமாக வெளுக்கும். புதிதாக முளைத்தபோது பழுப்பு, எட்டு மாதம் போனால் வைக்கோல் நிறம். இதனால்தான் ஒரே பறவையை இரண்டாகக் கணக்கிட்டுவிடுகிறார்கள். செட்டையைத் தூக்கும் நேரம் வெயில் படாத உள்ளிறகைப் பாருங்கள், அங்கே பழுப்பு மாறாமல் இருக்கும். இது ஆண், பெண் பாலைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தத்தில் இருக்கும் ஒடுங்கு மரபணு, அதாவது வெளியே தெரியாமல் மறைந்தும் இருக்கக்கூடியது. பறவைகளில் பெண்ணுக்கு அந்த மரபணு ஒன்று கிடைத்தாலே போதும், ஆணுக்கு இரண்டும் வேண்டும். எனவே காட்டில் காண்பவை பெரும்பாலும் பெண்கள்.

ஐனோ: பழுப்பு மாற்றத்தின் கடுமையான வடிவம் என்று கொள்ளலாம். மிக வெளிறிய பழுப்பு, பழைய இறகில் ஏறக்குறைய வெள்ளை. கண் இளஞ்சிவப்புச் சாயல். அல்பினோவைவிட நன்றாகப் பார்க்கும், அதனால் பிழைத்திருக்கும். சிவந்த கண்ணோடு நீண்டநாள் வாழும் "வெள்ளை" பறவை இதுவாக இருக்கலாம்.

நீர்த்தல்: நிறத்தின் அளவு குறைவது. கறுப்பு வெள்ளிச் சாம்பலாகும். தண்ணீர் கூடிய மை மாதிரி.

கறுத்தல்: மெலனின் அளவோ இடமோ மாறி வழமைக்கு மாறாகக் கருமையாவது. வெளுத்ததைவிட இதைக் கண்டுபிடிப்பது கடினம், கரி பிடித்த குருவியோடு குழம்பும்.

இவற்றுக்குப் புறம்பாக ஒன்று, நகரப் பக்கக் காகங்களில் கவனிக்க வேண்டியது. குஞ்சுக் காலத்தில் புரதம் போதாமல் சோறும் பாணுமே தீனியாக வளர்ந்த காகத்தின் செட்டையில் வெளிறிய அல்லது வெள்ளைப் பட்டை விழும். இரு செட்டையிலும் ஒரே மட்டத்தில், பறக்கும் இறகுகளுக்குக் குறுக்காக ஓடும். அந்த இறகுகள் நலிந்து லேசாக முறியும். இது மரபணுவல்ல. நல்ல தீனி கிடைத்தால் அடுத்த இறகுதிர்வில் கறுப்பு இறகே முளைக்கும். ஆனால் காகக் குஞ்சின் முதல் பறக்கும் இறகு ஏறத்தாழ ஒரு வருடம் நிற்பதால், அதுவரை அந்தப் பட்டை மறையாது.

கண் நிறத்தைச் சோதிக்கும்போது ஒரு பொறி. போனின் மின்னல் வெளிச்சம் போட்டால் எந்தக் கண்ணும் சிவந்து தெரியலாம். மின்னல் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தையே நம்புங்கள். பறவையைத் துன்புறுத்தாமல் இருப்பதற்கும் அதுவே நல்லது.

5. ஒரு தடவை கண்டதை வைத்து முடிக்க முடியாதவை

லியூசிசமா நரையா என்பதை ஒரே ஒரு காட்சியில் தீர்மானிக்க முடியாது. பல சமயம் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் முடியாது. விதிவிலக்கு ஒன்று: வாயோரத்தில் மென்மையான தடிப்பு மாறாத குஞ்சிலேயே வெள்ளைத் திட்டு இருந்தால் அது நரையல்ல.

மற்றபடி அடுத்த இறகுதிர்வு வரை காத்திருக்க வேண்டும். மைனா, குருவி போன்றவை குஞ்சு பொரித்து முடிந்த பிறகு வருடத்துக்கு ஒரு தடவை இறகுகளை முழுதாக மாற்றும், அதற்குச் சில மாதம் பிடிக்கும். ஆகவே குறைந்தது பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு ஒரு தொகுதிப் படம். திட்டு அப்படியே இருந்தால் லியூசிசம். கூடினால் நரை. செட்டைப் பட்டை மறைந்தால் தீனிக் குறை. உள்ளிறகு பழுப்பாக இருந்து வெளியிறகு வெளுத்தால் பழுப்பு மாற்றம்.

இந்தத் தொடர் கவனிப்புக்குப் புலுனி மிகத் தோதான பறவை. கூட்டமாக ஒரே பகுதியை விட்டு அகலாமல் வாழும், கத்திக்கொண்டே வருவதால் தவறவும் விடமாட்டீர்கள். காகம் அப்படியல்ல. தங்குமரத்திலிருந்து பல மைல் தூரம் தீனிக்குப் பறக்கும், இரு ஊரில் கண்டது ஒன்றா இரண்டா என்று அடிபட வேண்டிவரும். அதனால்தான் திட்டின் படம் வரைந்து வைத்திருப்பது அவசியம்.

6. கொப்பியில் எழுத வேண்டியவை

ஒரு கொப்பி, ஒரு பேனை. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பக்கம்.

- தேதி, தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் பார்த்தது. 24 மணி முறையில் எழுதினால் காலை மாலைக் குழப்பம் இல்லை.
- ஊர், கிராம சேவகர் பிரிவு, மரம் அல்லது இடம், போனில் காட்டும் ஆள்கூறு (அகலக்கோடு, நெடுங்கோடு எண்கள்).
- வெளிச்சம்: வெயில், மூடல், நிழல். பறவைக்கும் உங்களுக்கும் இடையிலான தூரம்.
- கண், சொண்டு, கால், தோல் என ஒவ்வொன்றின் நிறமும் தனித்தனியாக. தெரியவில்லையென்றால் "தெரியவில்லை". ஊகித்து நிரப்பக் கூடாது.
- எந்த இறகு வெள்ளை: தலை, முதுகு, மார்பு, வயிறு, இடது செட்டை, வலது செட்டை, வால். காகம், மைனா, குருவி மூன்றின் வாலிலும் 12 இறகு. "வால் கொஞ்சம் வெள்ளை" என்று எழுதாமல் "இடமிருந்து 2ஆம், 3ஆம் இறகு" என்று எழுதுங்கள்.
- நடத்தை: கூட்டத்தோடா தனியா, மற்றவை கொத்தித் துரத்துகின்றனவா, சோடி உண்டா, தட்டித் தடவிப் பறக்கிறதா.

பறவையின் வெளிக்கோட்டை இடமும் வலமுமாக இரண்டு வரைந்து வெள்ளைப் பகுதியை விட்டு மற்றதைத் தீட்டுங்கள். ஓவியம் அழகாக வேண்டாம். இடது என்றால் பறவையின் இடது, உங்களுடையதல்ல. பார்த்த அன்றே எழுதுங்கள். இரவு நித்திரைக்குப் பிறகு எழுதும் குறிப்பில், படத்தில் கண்டதும் கண்ணால் கண்டதும் கலந்துவிடும்.

7. எங்கே பதிவது

ஈபேர்ட் பறவைக் காட்சிகளையும், ஐநேச்சரலிஸ்ட் எல்லா உயிரினக் காட்சிகளையும் பதியும் இணையத்தளங்கள். இரண்டும் இலவசம், கணக்குத் திறக்க மின்னஞ்சல் போதும். போனின் மூலப்படம் ஒன்று சில எம்பி இருக்கும். பத்துப் படம் ஏற்றுவதென்றால் வைஃபை உள்ள இடத்தில் செய்வது டேட்டாவுக்கு மிச்சம்.

ஈபேர்ட்டில் இனப்பெயரை வழமையான பெயராகவே தெரிவு செய்யுங்கள். வெள்ளைக் காகமும் காகம்தான். நிறம் பற்றிய விபரம் அந்த இனத்துக்கான குறிப்புப் பெட்டியில். அங்கே "அல்பினோ" என்று ஒரு சொல்லில் முடிக்காமல், "கண் கருமை, சொண்டும் காலும் கருமை, இடது செட்டையில் நாலு வெள்ளை இறகு" என்று விபரமாக எழுதினால், நீங்கள் வகையைத் தவறாகப் பிடித்திருந்தாலும் பின்னால் பார்ப்பவர் திருத்திக்கொள்வார். ஐநேச்சரலிஸ்டில் கூண்டிலிருந்து தப்பியதென்றால் வளர்ப்பு என்பதைக் குறியிடத் தவறாதீர்கள்.

ஆள்கூறில் கவனம். மட்டக்களப்பு நகரம் ஏறத்தாழ 7.7 வடக்கு, 81.7 கிழக்கு. பொத்துவில் 6.9 வடக்கு, 81.8 கிழக்கு. நீங்கள் தட்டிய எண் இவற்றுக்குக் கிட்ட இருக்கிறதா பாருங்கள். இரண்டையும் மாற்றிப்போட்டால் உங்கள் மைனா ஆர்க்டிக் கடலுக்கு மேலே பறக்கும்.

இடத்தை மறைப்பது அடுத்தது. ஐநேச்சரலிஸ்டில் இடத்தை மங்கலாக்கும் தெரிவு உண்டு. அதைப் போட்டால் சரியான புள்ளிக்குப் பதிலாக 0.2 பாகை சதுரத்துக்குள், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீற்றர் அகலப் பரப்புக்குள், எங்கோ ஒரு புள்ளியே மற்றவர்களுக்குத் தெரியும். ஈபேர்ட்டில் வீட்டு வாசலைக் குத்தாமல் ஊரின் நடுப்புள்ளியைக் கொடுங்கள். முகப்புத்தகத்தில் போடுவதென்றால் பறவை அவ்விடத்தை விட்ட பிறகு, ஊர்ப்பெயர் இல்லாமல். பின்னணியில் கோயில் கோபுரமோ பள்ளிவாசல் மினாராவோ கடைப்பலகையோ தெரிந்தால் ஊர்ப்பெயர் எழுதாததில் பயனில்லை.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கும் குறிப்பை அனுப்பலாம். ஒரு பக்கக் குறிப்பு, மூன்று படம், ஒரு வரைபடம் போதும். "இலங்கையில் முதல் தடவை" என்று மட்டும் எழுத வேண்டாம். அதைச் சொல்லப் பழைய குறிப்புகள் எல்லாவற்றையும் புரட்டியிருக்க வேண்டும்.

8. அனுமதியும் ஆபத்தும்

வளவில் நின்று படம் எடுக்க எந்த அனுமதியும் வேண்டாம். குமண போன்ற தேசியப் பூங்காவுக்குள் போவதென்றால் நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். பிடிப்பது, வளையம் போடுவது, இறகு பிடுங்குவது, இரத்தம் எடுப்பது எல்லாம் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாதவை. 1937இன் 2ஆம் இலக்க விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இதற்குப் பொருந்தும். வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் "ஒரு இறகு மட்டும் தபாலில் அனுப்புங்கள்" என்று கேட்டாலும் அனுமதியில்லாமல் அனுப்ப வேண்டாம்.

யாரும் பிடிக்க முயன்றால், அல்லது பறவை காயப்பட்டுக் கிடந்தால் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். ஆள் வரும் வரை காற்றுத்துளை இட்ட மட்டைப்பெட்டி, அடியில் பழைய துணி, மூடிய இருட்டு, சத்தமில்லாத மூலை. சொண்டைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்ச் செத்துவிடும். செத்த பறவையை வெறுங்கையால் தொடாமல், அடிமட்டம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, குச்சியால் செட்டையை விரித்துப் படம் எடுங்கள்.

கூட்டில் வெள்ளைக் குஞ்சு இருந்தால் ஆசை அடங்காது. அதற்காகக் கிளையை வெட்டி வழி எடுத்தால் அண்டங்காக்கைக்கும் செம்பகத்துக்கும் நீங்களே வாசல் திறந்துவிட்டதாகும். தூர நின்று ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். தாய் தகப்பன் இரண்டும் கறுப்பாக இருக்கின்றனவே என்ற கேள்வி வரும். அல்பினோ ஒடுங்கு மரபணு, இரு பெற்றோரும் வெளியே தெரியாமல் காவியிருந்தாலே குஞ்சு வெள்ளையாகப் பிறக்கும். அந்தச் சோடி அடுத்த வருடமும் அதே மரத்தில் கட்டினால் மறுபடியும் வெள்ளைக் குஞ்சு வரக்கூடும் என்பதால், மரத்தைக் குறித்து வையுங்கள்.

9. செலவும் நேரமும்

கையில் போன் இருந்தால் கட்டாயச் செலவு கொப்பியும் டேட்டாவும் மட்டும். பைனாகுலர் வாங்குவதென்றால் 8×42 அல்லது 8×32 (8 என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, 42, 32 என்பவை முன்வில்லையின் மில்லிமீற்றர் அகலம்). "50 மடங்கு" என்று பெட்டியில் பெரிதாக எழுதி மலிவாக விற்பவை கையில் நடுங்கும், உள்ளே இருட்டாகவும் இருக்கும். விலைக்கு ஆசைப்பட்டு அதை வாங்குவதைவிட இரவல் வாங்குவது மேல்.

பார்க்கச் சிறந்த நேரம் காலை 6.15 முதல் 8.30 வரை. பத்து மணிக்குப் பிறகு வெயில் நேரே விழுந்து வெள்ளையெல்லாம் எரிந்துபோகும். மாரி மழைக்காலத்தில், ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில், மூடலான காலை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வெள்ளை இறகுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை. ஆனால் நனைந்த பறவையின் நிறத்தை எழுத வேண்டாம், ஈர இறகு எப்போதும் இருண்டு தெரியும். காய்ந்து இறகு கோதி முடிக்கும் வரை பொறுங்கள்.

மாதம் ஒரு காலை, ஒரு மணி நேரம். பறவை வராத மாதமும் ஒரு பக்கம் எழுதுங்கள்: தேதி, பார்த்த நேரம், "காணவில்லை". மெலனின் இல்லாத இறகு வலுக்குறைந்தது, சீக்கிரம் தேய்ந்து பிய்யும். பருந்து கண்ணிலும் முதலில் படும். மூன்று மாதம் தொடர்ந்து காணாவிட்டால் கடைசியாகக் கண்ட தேதியை ஈபேர்ட் குறிப்பிலும் சேர்த்துவிடுங்கள்.